காய்ச்சல் எத்தனையாம் நாள்?

உண்ணிக் காய்ச்சல் என்று தமிழ்நாட்டில் சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ், ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவால் வருகிறது. புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிக்கும்போது கிருமி உடம்புக்குள் இறங்குகிறது. ஆரணி, வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் மழைக்காலத்தில் தலைதூக்கி, பனி விலகும் வரை நீடிக்கும். காலத்தில் கொடுத்தால் சாதாரண மாத்திரைக்கே கட்டுப்படும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், ஈரல், மூளை என்று பரவி உயிரைப் பறிக்கும். அந்தத் தாமதத்துக்கு இடம் கொடுக்கும் நம்பிக்கைகளும் அவற்றுக்கு எதிரே உள்ள உண்மைகளும் இங்கே.

நம்பிக்கை: டைபஸும் டைபாய்டும் ஒன்றே.

உண்மை: பெயர்தான் நெருக்கம். டைபாய்டு, கெட்ட தண்ணீராலும் உணவாலும் வருவது. அதன் கிருமி சால்மொனெல்லா. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஸ்க்ரப் டைபஸ் கிருமியிடம் பலிக்காது. அந்த ஊசியை நான்கைந்து நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வயலில் இறங்குபவருக்குத்தான் வரும், தறியில் இருப்பவருக்கு வராது.

உண்மை: எலியும் மூஞ்சூறும் நடமாடும் புதர் எங்கே இருக்கிறதோ அங்கே சிற்றுண்ணியும் இருக்கும். ஆரணியில் பட்டு நெய்பவர் பகல் முழுதும் தறிக்குழியில் கால் வைத்திருக்கலாம். ஆனால் ஆட்டுக்குப் புல் அறுப்பதும், சுள்ளி பொறுக்குவதும், கொல்லைப்பக்கம் ஒதுங்குவதும், துவைத்த துணியைச் செடிமேல் உலர்த்துவதும் அந்த வீட்டிலும் நடப்பவைதான். தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2025-இல் வெளியானது. காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 300-க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருந்தது. எங்கோ காட்டோரத்தில் அபூர்வமாக வருவது என்று இதை ஒதுக்க முடியாது.

நம்பிக்கை: பூச்சி கடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

உண்மை: கடிக்கும் குஞ்சு கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. நாய், மாட்டின் மேல் விரலுக்கு அகப்படும் உண்ணி வேறு. அதனால் பரவும் இந்திய உண்ணி டைபஸ் வேறு வகைக் கிருமியால் வருவது. சிற்றுண்ணிக் குஞ்சு கடிக்கும்போது வலிக்காது. கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் புல்லறுத்த நாளே நினைவில் இருக்காது. அதனால் “பூச்சி கடித்ததா?” என்ற கேள்வியைவிட “மூன்று வாரத்துக்குள் எங்கெல்லாம் போனீர்கள்?” என்ற கேள்வியே மருத்துவருக்கு உதவும்.

நம்பிக்கை: உடம்பில் கறுப்புப் பொருக்கு இல்லையென்றால் இது உண்ணிக் காய்ச்சல் இல்லை.

உண்மை: கடித்த இடத்தில் பீடி நெருப்புச் சுட்டது போல, நடுவில் கறுத்தும் சுற்றிலும் சிவந்தும் ஒரு பொருக்கு வரும். அதைக் கண்டால் நோய் ஏறக்குறைய உறுதி. ஆனால் எல்லாருக்கும் வராது. வந்தாலும் அரிக்காது, வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்புறம், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் மடிப்பு, காதின் பின்புறம் போன்ற மறைவிடங்களில் ஒளிந்திருக்கும். வியர்வை ஊறும் மடிப்பில் கறுப்பே இல்லாமல் ஈரப் புண்ணாகவும் தெரியலாம். கையையும் முகத்தையும் மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்பது போதாது. பெண்கள் கூச்சத்தால் காட்டத் தயங்கினால், பெண் மருத்துவரோ செவிலியரோ மறைவாக வைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ரத்தப் பரிசோதனையில் ‘நெகடிவ்’ வந்தால் கவலையில்லை.

உண்மை: எடுத்த நாளைப் பொறுத்தது. பரவலாகச் செய்யப்படும் ஐஜிஎம் எலிசா, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிறது. அது ரத்தத்தில் சேர ஒரு வாரம் ஆகலாம். மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் நெகடிவ் காட்டிவிட்டு, எட்டாம் நாள் பாசிடிவ் ஆவது உண்டு. முதல் வாரத்தில் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை கைகொடுக்கும். பொருக்கிலிருந்து எடுத்த மாதிரி அதற்கு மிகப் பொருத்தம். 1916-இல் வந்த வெயில்-ஃபீலிக்ஸ் பரிசோதனை மலிவானது, ஆனால் பலரைத் தவறவிடும். ஆய்வகச் சீட்டில் காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று எழுதப்பட்டிருந்தால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு.

நம்பிக்கை: தட்டணுக்கள் குறைந்தால் டெங்குதான்.

உண்மை: ஸ்க்ரப் டைபஸிலும் தட்டணுக்கள் குறையும். இரண்டும் ஒரே மழைக்காலத்தில் வருகின்றன. டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஸ்க்ரப் டைபஸுக்கு உண்டு. அதனால் டெங்கு என்று எண்ணிக் காத்திருப்பதில் இழப்பு பெரிது.

நம்பிக்கை: முடிவு வந்த பிறகே மருந்து.

உண்மை: சந்தேகம் வலுவாக இருந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2015 வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு வழக்கமான மருந்து டாக்சிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு எது நல்லது என்பதை வேலூர் சி.எம்.சி. தலைமையில் 7 மருத்துவமனைகள் 2018 முதல் 2022 வரை ஆராய்ந்தன. 794 நோயாளிகளில், இரண்டு மருந்தையும் நரம்பு வழியே சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கு மரணமோ, ஏழாம் நாளிலும் தீராத சிக்கலோ, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சலோ நேர்ந்தது. ஒரே மருந்து பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம்.

நம்பிக்கை: காய்ச்சல் விட்டதும் தறியில் உட்காரலாம், மாத்திரையை நிறுத்திவிடலாம்.

உண்மை: மருந்து பிடித்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியும். நெய்தால்தான் கூலி என்ற வீட்டில் அன்றே தறி கூப்பிடும். ஆனாலும் மருத்துவர் சொன்ன நாள்கணக்கு முடிய வேண்டும். இரண்டு நாளில் தணியாவிட்டாலும், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவு, குழப்பமான பேச்சு, கண் மஞ்சள் தெரிந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். குணமாகிவிட்டதா என்று பார்க்க எலிசாவை மறுபடி எடுப்பது வீண். நோய் தீர்ந்த பிறகும் பல மாதம் அது பாசிடிவ் காட்டலாம். தட்டணு, சிறுநீரகம், ஈரல் பரிசோதனைகள் சீரடைவதே குணத்தின் அடையாளம்.

ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்பதும் சரியல்ல. கிருமியில் வகைகள் பல. கிடைக்கும் எதிர்ப்பு நெடுநாள் நிற்பதில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால், முதல் நாளிலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்க வேண்டும்.