மருந்துச் சீட்டுக்கு அப்பால்: மலைக் குடும்பங்களுக்குச் சமூகப்பணி



மருத்துவமனைக்கு நாம் காணிக்கை அனுப்பும்போது, கட்டில், ஊசி, மருந்து இவையே நம் மனக்கண்முன் நிற்கின்றன. சமூகப்பணியாளரின் சம்பளத்துக்கும் அது ஏன் செல்லவேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். இதற்கு விடை காண்பதே இந்தப் பாடம்.

1. இப்பணியின் தொடக்கம்

1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் நியமிக்கப்பட்டார். இலவச சிகிச்சைக்குத் தகுதியுள்ளவர் யார் என்று விசாரிப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. நாளடைவில் அது நோயாளியின் வீட்டுநிலையை அறிந்து துணைநிற்கும் பணியாக வளர்ந்தது. இந்தியாவில் 1946-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப்பணியாளர் நியமனம் பெற்றார்.

2. வத்தல்மலையில் இதன் தேவை

தர்மபுரிக்கு அருகே உள்ள வத்தல்மலையில் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழே. நெடுங்காலம் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டியிருந்தது. இப்போது சாலை உண்டு. ஆனாலும் மேல்படிப்புக்குப் பிள்ளைகள் கீழே இறங்கியே ஆகவேண்டும்.

பெற்றோர் கூலிவேலைக்கு வெளியூர் சென்றுவிட்டால், வயதுவந்த பெண்பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது? படிப்பு நிற்கிறது, கல்யாணப் பேச்சு தொடங்குகிறது. பெற்றோர் அதைப் பாதுகாப்பு என்றே எண்ணுகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லாமல் அல்ல, வேறு வழி தெரியாமலே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே வீட்டுக்குச் செல்லும் பணியாளர் குற்றம் சாட்டுவதில் தொடங்கக் கூடாது.

3. சட்டமும் அச்சமும்

2006-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையாமல் திருமணம் செய்யக் கூடாது. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பிணியாக வந்தால் மருத்துவமனை தகவல் தெரிவித்தே ஆகவேண்டும். சட்டம் பிள்ளைகளைக் காக்கவே வந்தது. ஆனால் வழக்குக்குப் பயந்து குடும்பத்தார் பெண்ணை மறைத்து வைத்தால், இரத்தசோகையும் உயர் இரத்த அழுத்தமும் கவனிப்பாரற்றுப் போகும். தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாவார்கள்.

இங்கேதான் சமூகப்பணியாளரின் இடம். தகவல் கொடுப்பது கட்டாயம் என்பதை அவர் ஒளிக்கமாட்டார். அதே வேளையில், அவசர சிகிச்சையைக் காவல்துறையின் கடிதம் கேட்டுத் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் எடுத்துச் சொல்வார். குழந்தைகள் நலக்குழுவின் முன் செல்லும்போதும் பெண்ணுக்கும் தாய்க்கும் துணையாக இருப்பார்.

4. முன்கூட்டியே செய்யும் உதவி

கல்யாணப் பேச்சு எழும் முன்பே வழிகாட்டுவது இன்னும் நல்லது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க உதவலாம். தகப்பனை இழந்த பிள்ளைக்கும், பெற்றோர் கொடிய நோயில் விழுந்த பிள்ளைக்கும் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கோர வழி உண்டு. அரசுப்பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. அவசரத்துக்கு 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் இல்லாத குடும்பத்துக்கு இவையெல்லாம் எட்டாக்கனி. அலுவலகப் படியேறி அவற்றை வாங்கித்தருவது மாதக்கணக்கில் நடக்கும் மௌனமான வேலை.

5. அண்டையில் ஒரு முன்மாதிரி

இதே மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியர் பழங்குடி நலப்பணியைக் குடிசையில் தொடங்கினர். ஊர்ப்பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்தனர். பின்னர் இயற்கை வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலுக்கும் கைகொடுத்தனர். குடும்பத்தின் பிழைப்பு நிலைபெறாமல் உடல்நலம் நிலைக்காது என்பதை அவர்கள் பணி காட்டுகிறது.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் ஏற்றுக்கொண்டான். சமூகப்பணியாளரின் சம்பளம் அந்தச் சத்திரச் செலவைப் போன்றது.

சிந்திக்க:

1. நம் சபையில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார்? நாம் அவர்கள் பெற்றோரிடம் பேசியதுண்டா?

2. கட்டடத்துக்குக் கொடுப்பதுபோல் ஒரு பணியாளரின் ஓராண்டு உழைப்புக்கும் மனமுவந்து கொடுப்போமா?