உயரமும் ஏற்றமும்

மலையேற விழைவோர் முதற்கண் வினவுவது, "அம்மலையின் உயரம் எவ்வளவு?" என்பதேயாம். அவ்வினா ஒன்றனையே நம்பிச் செல்லுதல் பிழையென்பதை யாம் பட்டறிந்தோம். ஆதலின் அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

யாம் நால்வர் ஒரு விடுமுறையில் உதகையினின்று தொட்டபெட்டா முடிக்கு நடந்து ஏறினோம். அதன் உயரம் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 8,650 அடி. பெரிய இளைப்பின்றி மீண்டமையால், 7,359 அடியேயுள்ள இலங்கைச் சிவனொளிபாதமலை எமக்கு மிக எளிதென்று செருக்குற்றோம். மறு விடுமுறையில் அங்குச் சென்று இரவில் ஏறத் தொடங்கினோம். பாதி வழியிலேயே எம்முள் ஒருவர் கால் தளர்ந்து படியில் அமர்ந்துவிட்டார்.

இதற்குக் காரணம் யாது? உதகை நகரமே ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் உள்ளது. அஃதாவது சிவனொளிபாதமலையின் முடியோடு ஒப்ப நிற்கின்றது. ஆகவே தொட்டபெட்டாவில் எம் கால்கள் ஏறியது 1,300 அடியே. எஞ்சிய உயரத்தை எமக்காக ஏறியது ஊர்தி. சிவனொளிபாதமலைக்கோ, அடிவாரமாகிய நல்லதண்ணி ஏறத்தாழ 4,000 அடியில் உள்ளது. மற்றை 3,300 அடியையும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் வழியே நாமே ஏறல் வேண்டும். உயரம் மலைக்குரியது, ஏற்றம் நடப்பவனுக்குரியது.

இன்னுமொன்று. வழி 500 அடி ஏறி, 200 அடி இறங்கி, மீண்டும் 500 அடி ஏறுமாயின், முடிவில் நாம் நிற்பது 800 அடி மேலே. ஏறியதோ 1,000 அடி. இறங்கிய பள்ளம் மீளும்போது ஏற்றமாய் எதிர்நிற்கும் என்பதையும் மறத்தலாகாது.

சமநிலத்தில் வாழும் நமக்கு 3,300 அடி என்பது வெறும் எண்ணே. அசோக் நகரில் முப்பதடி உயரமுள்ள மூன்று மாடி வீடொன்றின் படிகளை நூற்றுப்பத்து முறை ஏறுவதாகக் கருதுக. அன்றேல், சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலையை ஒரே மூச்சில் பதினொரு முறை ஏறுவதாக எண்ணுக. அப்பொழுது அதன் கடுமை விளங்கும்.

காலத்தைக் கணிக்கவும் ஒரு விதியுண்டு. ஸ்காட்லாந்து மலையேறியாகிய நெய்ஸ்மித் என்பார் 1892 ஆம் ஆண்டில், மூன்று மைல் நடைக்கு ஒரு மணியும், 2,000 அடி ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணியும் கொள்ளுமாறு வகுத்தார். நல்லதண்ணி வழியை நான்கு மைலெனக் கொண்டால், நடைக்கு 1 மணி 20 நிமிடம். ஏற்றத்திற்கு 1 மணி 40 நிமிடம். ஆக மூன்று மணி. இளைப்பாறும் பொழுது இதிற் சேராது. இறங்கும்போது முழங்கால் படும் பாடும் வேறு.

இக்கணக்கை யாம் அறிந்தது ஊர் திரும்பிய பின்னரே. அன்றிரவு தோழரைத் தனியே விட மனமின்றி, அவரைத் தாங்கி மெல்ல இறங்கினோம். முடியிற் காண விழைந்த ஞாயிற்றை அடிவாரத்திற் கண்டோம். அதற்காக வருந்துகின்றோமில்லை, எம் செருக்கு ஒருவர் காலுக்குச் சுமையாயிற்றே என்பதற்கே வருந்துகின்றோம்.

ஆதலின், மாணவத் தோழரே, மலைக்குச் செல்லுமுன் அதன் முடியை மட்டும் நோக்காதீர். தொடங்கும் இடத்தின் உயரத்தையும் வழியின் ஏற்ற இறக்கங்களையும் கேட்டறிமின். உடன்வருவோருள் மெலியார் எவரோ அவர் வலிமைக்கேற்பப் பொழுதை வகுமின்.