பற்று வேறு, கோட்பாடு வேறு: ஓர் இளம் கவிஞருக்கு

அன்புள்ள தம்பி,

உன் கவிதைகள் கிடைத்தன. தேசியமே இனி உன் கோட்பாடு என்று முன்னுரையில் எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

தேசியம், 'நாம் ஒரு மக்கள்' என்ற உணர்விலிருந்து பிறப்பது. கோட்பாடு, எது சரி எது தவறு என்று முன்கூட்டியே வகுத்துவைத்த விதிகளின் தொகுப்பு. மண்ணையும் மொழியையும் நேசிக்க விதி எதுவும் வேண்டியதில்லை. கோட்பாட்டுக்கோ நேசம் போதாது, கீழ்ப்படிதல் வேண்டும்.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவை நினைத்துப் பார். 1917 புரட்சிக்குப் பின் நண்பர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள், அவர் போகவில்லை. முதல் கணவர் குமிலியோவை 1921இல் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. மகன் லெவ் கைதானபோது, லெனின்கிராட் சிறைவாசலில் மற்றத் தாய்மாரோடு மாதக்கணக்கில் வரிசையில் நின்றார். அப்படிப்பட்டவர்தான், 1941இல் ஜெர்மன் படை அந்நகரைச் சூழ்ந்தபோது வானொலியில் அதன் பெண்களுக்குத் தைரியம் சொன்னார். ரஷ்ய மொழியைக் காப்போம் என்று சூளுரைக்கும் அவருடைய கவிதையை, 1942 மார்ச்சில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான 'பிராவ்தா'வே வெளியிட்டது.

1946 ஆகஸ்டில் அதே கட்சியின் மத்தியக் குழு, அவர் கவிதை மக்களுக்கு அந்நியமானது என்று தீர்மானம் போட்டது. எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது. அவருடைய நாட்டுப்பற்று இம்மியும் குறைந்திருக்கவில்லை. சோஷலிச யதார்த்தவாதம் என்ற அரசுக் கலைக் கோட்பாட்டின் அளவுகோலுக்கு அவர் அடங்கவில்லை, அவ்வளவுதான். லெனின்கிராட் முற்றுகைக்குள்ளேயே இசைக்கப்பட்ட ஏழாம் சிம்பொனியைத் தந்த இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சும் 1948இல், உள்ளடக்கத்தைவிட வடிவத்தையே பெரிதாக்கும் 'வடிவவாதி' என்று கண்டிக்கப்பட்டு, ஆசிரியப் பணியை இழந்தார்.

சிறைவாசல் துயரைப் பாடிய 'ரெக்வியம்' கவிதையை, தாளில் வைத்திருப்பதே ஆபத்து என்பதால், அக்மதோவாவின் நெருங்கிய தோழிகள் மனப்பாடம் செய்து காத்தார்கள். சோவியத் நாட்டில் அது 1987இல்தான் முழுதாக அச்சேறியது. 'பிராவ்தா' வெளியிட்ட கவிதையில் உள்ள பற்றுக்கு இதில் உள்ள பற்று சற்றும் குறைந்ததல்ல. தன் மக்கள் பட்ட வதையைச் சொல்வதும் நாட்டுப்பற்றே.

தேசியமும் விதிப்பட்டியலாக இறுகிவிட்டால், சொந்த மக்களிலேயே ஒரு பகுதியினரை அந்நியர் என்று தள்ளத் தொடங்கும். ஆகவே நாட்டைப் பற்றி நிறைய எழுது. அந்த முன்னுரையை மட்டும் எடுத்துவிடு. ஒவ்வொரு கவிதையையும் முடித்ததும் உன்னையே கேள்: இதில் என் மக்கள் இருக்கிறார்களா, கோஷம் மட்டும் இருக்கிறதா? நம் பக்கத்தார் செய்த அநீதியைச் சொல்ல இதில் இடமுண்டா? இல்லையென்றால், தயங்காமல் திருத்து.

அன்புடன்,
உன் அண்ணன்