பவளத் தீவுகளில் கடல் வெள்ளத்தைப் படத்திற் குறிக்கும் முறை

பசிபிக் மகாசமுத்திரத்திலுள்ள துவாலு என்னும் தேசம் ஒன்பது பவளத் தீவுகளால் ஆயது. அதன் மொத்த விஸ்தீரணம் சுமார் 26 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறக்குறைய 11,000. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் 3 மீட்டர்கூட உயர்ந்ததன்று. உலகில் கடலின் சராசரி மட்டமோ 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. இன்னும் உயர்ந்து வருகிறது. ஆதலின் உப்பு நீர் எந்நிலத்தில் முதலில் ஏறும் என்பதை முன்னரே அறிதல் அங்குள்ள குடியானவர்களுக்கு ஜீவாதாரமான விஷயமாகும்.

நில உயரத்தை அளத்தல். நிலத்தின் உயரத்தைக் கடல் உயரக்கூடிய அளவோடு ஒப்பிட்டு, தாழ்ந்த இடங்களைப் படத்தில் நிறமிட்டுக் காட்டுவதே பொது முறை. 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் கொண்டு எடுத்த அளவைகளில் சில மீட்டர் வரை பிழையுண்டு. அடர்ந்த மரங்களின் உயரமும் நில உயரத்தோடு கலந்துவிடும். இத்துணைத் தாழ்ந்த தீவுகளுக்கு அவை பயன்படா. ஆகவே 2019இல் ஆகாய விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தித் துவாலுத் தீவுகளை அளந்தனர். ஒளி தரையிற் பட்டுத் திரும்பும் காலத்தைக்கொண்டு உயரம் கணிக்கப்படும். இம்முறையிற் பிழை பெரும்பாலும் ஒரு சாணுக்குட்பட்டதே.

அடியிலிருந்து எழும் நீர். வெள்ளம் கரையைத் தாண்டித்தான் வரும் என்பதில்லை. புனாபுத்தியின் முக்கிய தீவாகிய போங்காபாலேயில், அமாவாசை பௌர்ணமிகளை ஒட்டிய பேரோதங்களின்போது, துளை மிகுந்த பவளத் தரையினூடே நீர் நடுநிலத்தில் ஊறி எழுகிறது. 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொஸைட்டியார் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவினர் அத்தீவைப் படமெழுதினர். அதிற் சதுப்பெனக் குறித்த இடங்களிலேயே இன்றும் நீர் தேங்குகிறது. பிற்காலத்தில் அவ்விடங்களிலும் வீடுகள் எழுந்தமையால் தீங்கு பெருகிற்று. ஆகையால் புதிய அளவையோடு பழைய படத்தையும் ஒப்பிடுதல் வேண்டும்.

கிழங்குக் குழிகள். மழைநீர் பவளத் தரையில் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும். இந்நன்னீர் எட்டும்வரை குழி தோண்டி, தழையெருவிட்டு, சேம்பினத்தைச் சேர்ந்த புலக்காக் கிழங்கை நடுவர். எனவே தீவிலேயே மிகத் தாழ்ந்த இடம் பயிர்நிலமே. அடியில் உவர் ஏறினால், வீட்டு வாசல் நனையுமுன்னரே கிழங்கு அழுகும். குக் தீவுகளில் ஒன்றாகிய புகபுகாவில், 2005ஆம் வருஷப் பெர்ஸிப் புயலின் அலைகள் நிலத்திற் புகுந்தபின் நிலத்தடி நன்னீர் தேறுவதற்குச் சுமார் 11 மாதங்கள் சென்றன.

முடிவு. குடியானவனுக்கு உதவும் படத்தில் மூன்று விவரங்கள் இருத்தல் அவசியம்: நிலத்தின் உயரம், குழியடியின் மட்டம், குழிநீரின் உவர். முதலாவதை விமானம் அளக்கும். மற்ற இரண்டையும் தரையில் நின்றே அளக்க வேண்டும். ஒவ்வொரு பேரோதத்திற்குப் பின்னும் குழிநீரின் உவரைச் சோதித்துக் குறித்து வந்தால், எக்குழியைக் கைவிட்டு மேட்டுப்பாத்திக்கு மாறுவது என்பதைப் பயிர் அழியுமுன்னரே நிச்சயிக்கலாம்.