சதமும் சகுனமும்

"சச்சின் செஞ்சுரி போட்டாரா? அப்போ மேட்ச் போச்சு!"

டீக்கடை பெஞ்சிலும் ஆபீஸ் கேன்டீனிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இந்த வசனம் இன்னும் ஓயவில்லை. மனிதர் ஓய்வு பெற்றதோ 2013 நவம்பரில். அவர் ஆடி ஒரு பந்துகூட நேரில் பார்த்திராத பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். சொல்லிக் கொடுத்த பெரியவர்களில் ஒருவராவது உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருந்தால் இந்தக் கதை அன்றே செத்திருக்கும். எண்ணுவதற்கு அது ஒன்றும் கடற்கரை மணல் இல்லை.

ஒருநாள் போட்டிகளில் சச்சின் டெண்டுல்கர் அடித்த சதங்கள் 49. அவற்றில் இந்தியா வென்றவை 33, தோற்றவை 14. ஒன்று டை, இன்னொன்று மழையால் முடிவு இல்லாமல் போனது. அதாவது, மூன்று சதம் அடித்தால் இரண்டில் வெற்றி. அவர் ஆடிய 463 ஒருநாள் போட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தியா வென்றவை 234 மட்டுமே, பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது. அவர் சதம் அடித்த நாளில் 67 சதவீத வெற்றி, மொத்தத்தில் 51 சதவீதம். சகுனம் பார்த்தே தீருவேன் என்பவர்கள் இதை நல்ல சகுனமாக அல்லவா எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஒருநாள் தொடர்களின் இறுதிப் போட்டிகளில் அவர் ஆறு சதம் அடித்திருக்கிறார். ஆறிலும் கோப்பை அல்லது வெற்றி இந்தியாவுக்கே. 1998 ஏப்ரல் 24, தம்முடைய 25வது பிறந்த நாளில், ஷார்ஜாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடித்த 134 அவற்றில் ஒன்று. 2008இல் சிட்னியில் ஆட்டமிழக்காமல் எடுத்த 117 இன்னொன்று. "பெரிய மேட்ச்ல கை கொடுக்க மாட்டார்" என்ற உபகதைக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

டெஸ்டில் 51 சதம். 20 வெற்றி, 20 டிரா, 11 தோல்வி. அவர் ஆடிய 200 டெஸ்டுகளில் இந்தியா தோற்றவை 56, நூற்றுக்கு 28. சதம் அடித்தவற்றில் நூற்றுக்கு 22தான். பிரையன் லாராவைப் பாருங்கள்: 34 டெஸ்ட் சதங்களில் 14 தோல்வியில் முடிந்தன. லாரா சதம் அடித்தால் வெஸ்ட் இண்டீஸ் தோற்கும் என்று எவரும் சகுனம் பேசுவதில்லை. அணியில் மற்றவர்கள் ஆடவில்லை, ஒற்றை ஆளாகப் போராடினார் என்று அவரைப் பாராட்டுகிறார்கள். அதே பெருந்தன்மை சொந்த ஊர்க்காரருக்கு மட்டும் கிடையாது.

அப்படியானால் இந்தப் புரளி எங்கிருந்து கிளம்பியது?

ஒரு காரணம் சேப்பாக்கம். 1999 ஜனவரி இறுதி, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட், இலக்கு 271. முதுகுவலியோடு 136 எடுத்து அவர் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் ஏழு விக்கெட்டுக்கு 254. தேவை 17, கையில் மூன்று விக்கெட். அந்த மூன்று விக்கெட்டும் சேர்ந்து எடுத்தது நான்கு ரன். 12 ரன்னில் தோல்வி. இந்தக் காயம் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே ஆறவில்லை, நியாயம்தான். ஆனால் அதே சேப்பாக்கத்தில், 2008 டிசம்பரில், அதே நான்காவது இன்னிங்ஸில் இங்கிலாந்து வைத்த 387ஐ எட்டி இந்தியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றதே? சச்சின் 103 நாட் அவுட். அவர் சதத்தைத் தொட்ட பவுண்டரிதான் வெற்றி ரன்னும். அதைப் பார்த்தவர்களும் முதல் கதையைத்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அழுதது நினைவில் நிற்கும் அளவுக்குச் சிரித்தது நிற்பதில்லை போலும்.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனித்ததில்லை. அவருடைய கடைசி ஐந்து சர்வதேசச் சதங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2010 டிசம்பரில் செஞ்சூரியன் டெஸ்ட், தோல்வி. 2011 ஜனவரியில் கேப் டவுன், டிரா. பிப்ரவரியில் பெங்களூரு, இங்கிலாந்தோடு டை. மார்ச்சில் நாக்பூர், தோல்வி. ஓராண்டு காத்திருப்புக்குப் பின் 2012 மார்ச்சில் மிர்பூர், நூறாவது சதம், வங்கதேசத்திடம் தோல்வி. ஐந்தில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்தக் காலத்தில் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கிய ஒருவர் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. ஆனால் 95 சதங்களை விட்டுவிட்டு ஐந்தை மட்டும் வைத்து வழக்கை முடிப்பது என்ன நியாயம்?

அந்த ஐந்தில் நாக்பூரை மட்டும் எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டம். சச்சின் 111. ஒரு விக்கெட்டுக்கு 267 என்று இருந்த இந்தியா, 296க்கு ஆல் அவுட். 29 ரன்னுக்கு ஒன்பது விக்கெட்! இதில் குற்றவாளி சதம் அடித்தவரா? அந்த ஐந்தில் சேராத இன்னொரு தோல்வி: 2009 நவம்பரில் ஹைதராபாத்தில் ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 351. சச்சின் 141 பந்தில் 175. அவர் வெளியேறியபோது தேவை 19 ரன். மூன்று ரன்னில் தோற்றார்கள். 350 ரன் கொடுத்த பந்துவீச்சாளர்களின் பெயர் எந்த வாட்ஸ்அப் செய்தியிலாவது வருகிறதா?

மிர்பூரைப் பற்றி மட்டும் குறை சொல்பவர்களிடம் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 114 ரன்னுக்கு 147 பந்து எடுத்தார். சதம் நெருங்க நெருங்க ஆட்டம் சுருங்கியது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தியா எடுத்தது 289. அதைக் காப்பாற்றுவது பந்துவீச்சாளர்கள் வேலை.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் அவருடையது என்பது பாதி உண்மை. 2010 பிப்ரவரியில் குவாலியரில் எடுத்த 200, ஆண்கள் கிரிக்கெட்டில்தான் முதல். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, 1997 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராக 229 எடுத்துவிட்டார். அதுவும் சச்சினின் மும்பையிலேயே! பெண்கள் ஆடினால் சாதனை கணக்கில் வராதா?

சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் டென்னிஸ் லில்லி சச்சினிடம் பேட்டிங்கைக் கவனிக்கச் சொன்னது உண்மை. அதிலிருந்து "அவருக்குப் பந்து போடவே வராது" என்று கதை கட்டியது பொய். ஒருநாள் போட்டிகளில் 154 விக்கெட் எடுத்தவர் அவர். 1993 ஹீரோ கோப்பை அரையிறுதியில், கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவைப்பட்டபோது மூன்றே ரன் கொடுத்து ஜெயித்துக் கொடுத்தார்.

இத்தனை புரளிக்கும் வேர் ஒன்றுதான்: நம் ஆட்கள் ஸ்கோர்கார்டு படிப்பதை விட்டுவிட்டார்கள். முன்பு காலையில் பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தில் யார் யாரிடம் அவுட், எந்த ஸ்கோரில் எந்த விக்கெட் விழுந்தது, உதிரி எத்தனை என்று வரி வரியாகப் பார்ப்பார்கள். இப்போது கையில் இருப்பது முப்பது விநாடி ரீல்ஸ். பள்ளி அணிகளுக்கு மட்டை வாங்கிக் கொடுக்கும் புரவலர்கள் ஸ்கோர் புத்தகம் வாங்கிக் கொடுப்பதில்லை. ஆட்டத்தில் இடம் கிடைக்காத மாணவர் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு பந்தையும் எழுதச் சொன்னால் சராசரியும் சதவீதமும் தானாகப் புரியும். விளையாட்டு ஆசிரியர்களே, அடுத்த மண்டலப் போட்டிக்குப் பந்தோடு சேர்த்து ஒரு ஸ்கோர் புத்தகமும் இரண்டு பென்சிலும் எடுத்துப் போங்கள்.