சுருள் கல்லும் அம்மோனியாவும்

பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதி ஓடைகளில் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட கற்கள் கிடைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்து, புதைந்து, கல்லாகிப்போன ஓட்டுப்பிராணியே இது. விஞ்ஞானிகள் இதை 'அம்மோனைட்' என்கிறார்கள். நாம் வயலுக்கு இடும் அம்மோனியம் சல்பேட்டுக்கும் இதற்கும் பெயர் வந்த வழி ஒன்றே.

எகிப்தியர் வணங்கிய ஒரு தெய்வத்தைக் கிரேக்கர் 'அம்மோன்' என அழைத்தனர்; கடாக்கொம்புடன் சிலை வடித்தனர். ஆகவே சுருள் கல் 'அம்மோனின் கொம்பு' ஆயிற்று. பாலைவனத்தில் அம்மோன் கோயில் இருந்த வட்டாரத்து உப்பும் அப்பெயர் பெற்றது. பிற்காலத்தில் அது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரத்தின் பெயராக நிலைத்தது. நவச்சாரத்தில் சுண்ணாம்பைச் சேர்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். அந்த வாயுவுக்கு 1782-இல் சுவீடன் நாட்டு ரசாயன அறிஞர் பெர்க்மன் 'அம்மோனியா' என்று பெயரிட்டார். மாட்டுக் கொட்டிலில் வீசும் நெடியும் இதுவே.

பெயர்க் கதை இருக்கட்டும். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அந்தப் பழங்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்பு இவ்விரு மாவட்டங்களிலும் பல நிலங்களில் கலந்திருக்கிறது. அத்தகைய மண்ணின் மேல் யூரியாவையோ அம்மோனியம் சல்பேட்டையோ தூவி அப்படியே விட்டால், நவச்சாரமும் சுண்ணாம்பும் சேர்ந்தது போலத்தான். தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் பறந்துவிடும். 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ. அதில் கால் பங்கு போனாலும் 5 கிலோ நட்டம்!

தடுப்பது எப்படி?

1. ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு மண்.

2. மக்காச்சோளம், பருத்திக்கு மேலுரம் இடும்போது செடிக்கு நாலு விரற்கடை தள்ளி, 2 அங்குல ஆழத்தில் இட்டு மண்ணால் மூடவும். இறவையில் உடனே நீர் பாய்ச்சவும். மானாவாரியில் மழை பெய்து ஈரம் உள்ளபோது இட்டு மண் அணைக்கவும்.

3. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடவும். சாம்பல், சுண்ணாம்புடன் கலக்க வேண்டாம்.

4. யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அது தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கும்; அம்மோனியா பறப்பதைத் தடுக்காது. மண்ணால் மூடுவதே காப்பு.