கடுதாசியும் கமராவும்: கேரள விழாவில் பிரேசில் படங்கள்

2024 டிசெம்பர் 13 ஆந் திகதி மாலை, திருவனந்தபுரம் நிசாகந்தி அரங்கில் ஒரு படம் திரையிடப்பட்டது. திரையில் பேசப்பட்டது போர்த்துக்கேய மொழி. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் மலையாளிகள். இரண்டுக்கும் பாலமாக அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடின. கேரளாவின் 29 ஆவது சர்வதேசத் திரைப்பட விழாவைத் தொடக்கிவைத்த அந்தப் படம் பிரேசில் நாட்டு இயக்குநர் வால்ட்டர் சாலஸின் 'நான் இன்னும் இங்கே இருக்கிறேன்'. ஒரு வாரம் கழித்து, டிசெம்பர் 20 இல் விழா முடிந்தபோது மிக உயர்ந்த விருதான சுவர்ண சகோரம் 'மலு' என்ற படத்துக்குக் கிடைத்தது. அதுவும் பிரேசில் படமே. தொடக்கமும் பிரேசில், முடிவும் பிரேசில்.

கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர் திருவனந்தபுரம். பிரேசிலோ பூமிப்பந்தின் மறுபக்கம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த கதையை இந்தப் பக்கத்து மக்கள் தங்கள் கதைபோல ஏற்றுக்கொண்டது எப்படி? இக்கேள்வியோடுதான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, பனிச்சங்கேணியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே அதற்குப் பதில் இருந்ததைக் கண்டேன்.

முதலில் விழாவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1996 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இவ்விழாவை இன்று கேரள மாநில சலச்சித்திர அக்கடமி ஆண்டுதோறும் நடத்துகிறது. இதன் போட்டிப் பிரிவுக்கு ஒரு விசேட விதி உண்டு. ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று பிரதேசங்களின் படங்கள் மாத்திரமே அதில் போட்டியிடலாம். கான், வெனிஸ், பேர்லின் ஆகிய விழாக்களில் பிரேசில் படம் ஐரோப்பியப் படங்களோடு மோதவேண்டும். கேரளாவில் அது தன்னைப் போலவே பிற நாட்டாரின் ஆட்சியில் கிடந்து எழும்பிய நாடுகளின் படங்களோடு ஒரே வாங்கில் அமர்கிறது. பெரிய பணக்கார வீட்டுக் கலியாணத்துக்குப் போவதற்கும் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

சொந்தம் என்றதும் மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரேசிலை ஆண்டவர்கள் போர்த்துக்கேயர். 1628 இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்களும் அவர்களே. மட்டக்களப்பு நகரிலுள்ள பறங்கியர் சிலரின் வீடுகளில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்றும் பேசப்படுகிறது. நாங்கள் மட்டும் என்ன? காலையில் பாண் தின்று, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கல்லூரிக்கு வந்து கதிரையில் அமர்ந்து, மேசையில் கொப்பியை வைக்கிறோம். பாண், சப்பாத்து, கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், துவாய் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். பிரேசிலியர் 'சபாத்து' என்று உச்சரிப்பதை முதன்முதலாகக் கேட்டபோது நான் படத்தை நிறுத்திவிட்டு மீண்டும் ஓடவிட்டுக் கேட்டேன். எங்கள் உம்மா வாசலில் நின்று "சப்பாத்தக் கழட்டிட்டு வா" என்று சத்தம் போடுவது போலவே இருந்தது.

பிரேசில் சினிமா உலகின் கவனத்துக்கு வந்தது 1960 களில். 1962 இல் அன்செல்மோ டுவார்த்தே இயக்கிய படம் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அதே காலத்தில் 'புதிய சினிமா' என்ற பெயரில் இளைஞர்கள் சிலர் கிளம்பினர். பெரிய ஸ்டூடியோவும் பெரிய பணமும் இல்லாமல், வெயிலையும் வறுமையையும் உள்ளபடி காட்டுவது அவர்களின் நோக்கம். அவர்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான நெல்சன் பெரேய்ரா தோஸ் சாந்தோஸ், கிராசிலியானோ ராமோஸ் 1938 இல் எழுதிய நாவலை 'வரண்ட வாழ்வுகள்' என்ற படமாக 1963 இல் எடுத்தார். அப்படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, கதையை மட்டும் வாசித்திருக்கிறேன். பிரேசிலின் வடகிழக்கில் வரட்சியால் ஊரைவிட்டு நடக்கும் ஒரு குடும்பம். தந்தை ஃபபியானோ மாடு மேய்ப்பவன், எழுத வாசிக்கத் தெரியாதவன். அவன் மனைவி விதைகளை நிலத்தில் அடுக்கி வைத்துக் கூலிக்கணக்குப் பார்க்கிறாள். முதலாளி தரும் காசு அவள் கணக்கைவிடக் குறைவு. கேட்டால் "வட்டி" என்கிறான் முதலாளி. ஃபபியானோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுத் திரும்புகிறான்.

நுண்கடன் அட்டையைக் கொண்டுவந்து "இதுல என்ன புள்ள எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்கும் பெண்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கும் அட்டையில் இருக்கும் கணக்கும் ஒத்துப்போனதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இங்கேதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. பிரேசிலிலிருந்து வெகுதூரம் பயணம் செய்த படங்களில் சில, கடுதாசியின் முன்னால் கையறுந்து நிற்கும் மனிதர்களைப் பற்றியவை. கணக்குக் கடுதாசி, கடிதம், சான்றிதழ் என்று அதன் வடிவம் மட்டும் மாறுகிறது.

வால்ட்டர் சாலஸின் 'மத்திய நிலையம்' 1998 இல் வெளிவந்தது. பேர்லின் விழாவில் தங்கக்கரடி விருதையும், அதில் நடித்த ஃபெர்னாண்டா மொண்டெனேக்ரோவுக்குச் சிறந்த நடிகைக்கான விருதையும் பெற்றது. ராத்தா பல்கலைக்கழக விடுமுறையில் கொண்டுவந்த மடிக்கணினியில் இதனைப் பார்த்தேன். டோரா ஓய்வுபெற்ற ஆசிரியை. ரியோ நகரின் புகையிரத நிலையத்தில் ஒரு சிறு மேசையைப் போட்டுக்கொண்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் கூலிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள். சொல்பவர்கள் நெஞ்சைத் திறந்து சொல்வார்கள். அவள் வீட்டுக்குப் போய்ச் சிநேகிதியோடு அவற்றை வாசித்துச் சிரித்து, சிலவற்றைக் கிழிப்பாள், சிலவற்றை லாச்சியில் போட்டு மூடுவாள். தபாலில் சேர்க்கமாட்டாள். கதாநாயகி ஒருத்தி இவ்வளவு கெட்டவளாக அறிமுகமாவதை நான் எந்தத் தமிழ்ப் படத்திலும் கண்டதில்லை.

ஜோசுவே என்ற சிறுவனின் தாய் அவளிடம் கடிதம் எழுதிவிட்டு வெளியே போகும்போது பஸ் மோதி இறந்துவிடுகிறாள். அநாதையான பிள்ளையை டோரா தத்தெடுப்பு முகவர் என்று சொல்பவர்களிடம் ஒப்படைத்து, கிடைத்த காசில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறாள். அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் போய்ப் பிள்ளையைப் பறித்துக்கொண்டு, அவனுடைய தந்தையைத் தேடி வடகிழக்குக்குப் புறப்படுகிறாள். மிகுதியைச் சொன்னால் பார்க்கப்போகிறவர்கள் என்னை ஏசுவார்கள்.

படப்பிடிப்பில் நடந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. நிலையத்தில் டோராவின் மேசையைப் போட்டபோது, உண்மையாகவே எழுதத் தெரியாத பயணிகள் வந்து, உண்மையான கடிதங்களைச் சொல்லத் தொடங்கினார்களாம். அவர்களில் பலரின் முகங்கள் படத்திலும் உண்டு. சிறுவனாக நடித்த வினீசியஸ் விமான நிலையத்தில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளை. நடிப்பு எது, வாழ்க்கை எது என்று பிரிக்கமுடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என நினைக்கிறேன்.

இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு அதே இயக்குநர் எடுத்த படமே கேரள விழாவைத் தொடக்கிவைத்தது. பிரேசிலில் 1964 முதல் 1985 வரை இராணுவ ஆட்சி நடந்தது. அக்காலத்தில் கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் 434 பேர் என்று அந்நாட்டின் உண்மை ஆணைக்குழு 2014 இல் அறிவித்தது. அவர்களில் ஒருவர் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ரூபென்ஸ் பைவா. 1971 ஜனவரியில் ரியோவில் கடற்கரைக்கு அருகிலிருந்த வீட்டிலிருந்து அவரைக் கூட்டிப்போனார்கள். மனைவி யுனீசையும் மகள் ஒருத்தியையும் கூட விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். யுனீஸ் 12 நாட்களின் பின் திரும்பிவந்தார். கணவர் வரவேயில்லை. "அப்படியொருவர் எங்களிடம் இல்லை" என்பதே பதில். ஐந்து பிள்ளைகளோடு வேறு நகருக்குப் போன யுனீஸ், சட்டம் படித்துச் சட்டத்தரணியானார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவரின் மரணச் சான்றிதழ் அவர் கைக்குக் கிடைத்தது 1996 இல். இருபத்தைந்து வருடம்! அவருடைய மகன் மார்செலோ எழுதிய நூலே படத்துக்கு மூலம்.

யுனீசாக நடித்தவர் ஃபெர்னாண்டா டொரெஸ். முதுமையில் நினைவிழந்த யுனீசாகச் சில நிமிடங்கள், ஒரு சொல்லும் பேசாமல் வருபவர் அவரின் சொந்தத் தாய், அதாவது அன்றைய டோரா, ஃபெர்னாண்டா மொண்டெனேக்ரோ. 2025 மார்ச்சில் இப்படம் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஒஸ்காரைப் பெற்றது. பிரேசிலுக்குக் கிடைத்த முதல் ஒஸ்கார் அது.

எங்கள் வீட்டில் சினிமா பற்றி ஒரே கருத்து இல்லை. வாப்பாவுக்கு அது பிடிக்காது. அன்று திண்ணையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு, காது மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார். மூத்தம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆகவே நான் ஒவ்வொரு வரியாக நிறுத்தித் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான படம், லுஹர் தொழுகைக்குப் பின் தொடங்கி, அசருக்கு நிறுத்தி, மஃரிபுக்குச் சற்று முன்னர்தான் முடிந்தது.

யுனீஸ் சான்றிதழைக் கையில் பிடித்தபடி சிரிக்கும் இடம் வந்தது. மூத்தம்மா கேட்டார்:

"மௌத்துக் கடுதாசி கிடைச்சதுக்கு என்னத்துக்குப் புள்ள சிரிக்கிறா?"

"இவ்வளவு நாளும் அவரைக் கொண்டுபோகவே இல்லை எண்டு சொன்னாங்க மூத்தம்மா. இப்ப கொண்டுபோனது உண்மை எண்டு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு."

மூத்தம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நம்மட தம்பிக்கு அப்படி ஒண்டும் தரல்ல" என்றார்.

மூத்தம்மாவின் தம்பி 1990 இல் சாமான் வாங்கப் போனவர். அந்த வருடம் எமது மாவட்டத்தில் காணாமற்போனவர்களை எந்த ஒரு இனமும் தனக்கு மட்டும் உரியவர்கள் என்று சொல்லமுடியாது. குருக்கள்மடத்தில் கடத்தப்பட்ட முஸ்லிம்கள் உண்டு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உண்டு. இறந்துவிட்டார் என்று கையொப்பமிட மனமில்லாத குடும்பங்களுக்காக, 'காணாமற்போனமைச் சான்றிதழ்' வழங்குவதற்கு 2016 இல் நமது நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தச் செய்தி மூத்தம்மாவைப் போன்ற எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? நானே இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் அறிந்தேன்.

பிரேசிலில் அந்தக் கடுதாசியின் கதை 1996 உடன் முடியவில்லை. இப்படம் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த 2025 ஜனவரியில், ரூபென்ஸ் பைவாவின் மரணச் சான்றிதழ் திருத்தப்பட்டது. அது இயற்கையான மரணமல்ல, அரசினால் ஏற்பட்ட வன்முறை மரணம் என்று இப்போது அதில் எழுதப்பட்டுள்ளது. அம்மாற்றத்தைச் செய்தது படம் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குப் பின்னால் குடும்பங்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது. ஆனாலும் அந்த வரி திருத்தப்பட்டபோது, யாருடைய சான்றிதழ் அது என்று திருவனந்தபுரத்தில் கூட ஆயிரக்கணக்கானோர் அறிந்திருந்தார்கள்.

விருதுபெற்ற 'மலு'வைப் பற்றி அதிகம் எழுத என்னால் இயலாது, இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை. பேத்தி, தாய், பாட்டி என மூன்று தலைமுறைப் பெண்களின் கதை. இயக்குநர் பெட்ரோ ஃப்ரெய்ரே தன்னுடைய தாயை வைத்தே அதை உருவாக்கினார், அவருக்கு அது முதலாவது முழுநீளப் படம். இன்னொரு புகழ்பெற்ற படமான 'கடவுளின் நகரம்' (2002) துப்பாக்கியும் இரத்தமும் நிறைந்தது என்று ராத்தா எனக்குக் காட்டவில்லை. வெளிநாட்டில் பிரேசில் சினிமா என்றதும் பலரும் முதலில் சொல்வது அதைத்தான். எனக்கு அது சற்றுக் கவலைதான். நமது நாட்டைப் பற்றியும் வெளியில் இருப்போர் யுத்தத்தை மட்டுந்தானே முதலில் கேட்கிறார்கள்?

படம் முடிந்த மறுநாள் மூத்தம்மா அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிய பழைய பைலை என்னிடம் தந்தார். ஒரு முறைப்பாட்டுப் பிரதி, கரை மங்கிய ஒரு படம், யாரோ எழுதிக்கொடுத்த இரண்டு மனுக்கள். மனுக்களின் அடியில் மூத்தம்மாவின் பெருவிரல் அடையாளம். அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். தன்னுடைய மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். ஓரிடத்தில் தம்பியின் வயது பிழையாக இருந்தது. "அவனுக்கு அப்ப இருபத்திரெண்டு" என்றார். பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்தேன். புதிய மனுவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், வாப்பா கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த விடுமுறைக்கு 'வரண்ட வாழ்வுகள்' படத்தைக் கொண்டுவருவதாக ராத்தா சொல்லியிருக்கிறார். அதில் ஒரு நாய் சாகும் என்று மூத்தம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கான் விழாவில் அதைப் பார்த்தவர்கள் நாயை உண்மையாகவே கொன்றுவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்ததையும், படக்குழுவினர் அந்த நாயை உயிரோடு விமானத்தில் கொண்டுவந்து காட்டியதையும் சொன்னேன்.

"நாய்க்கு மட்டும் உசிரோட இருக்கு எண்டு காட்டியிருக்காங்க" என்றார் மூத்தம்மா.